இலை தேடிக்கொண்ட குழாய்

மைசூர் மன்னர் பத்தாம் சாமராஜ உடையார் 1882இல் பெங்களூருக்குக் கிழக்கே 3,900 ஏக்கர் அளவிலான நிலத்தை யுரேஷியர், ஆங்கிலோ-இந்தியர் சங்கத்துக்கு வேளாண் குடியேற்றத்துக்காக வழங்கினார். சங்கத்தை நிறுவிய டி.எஸ். ஒயிட்டின் பெயரால் அங்கே எழுந்த ஊர்தான் வைட்ஃபீல்ட். நடுவில் ஒரு வட்டமும் அதைச் சுற்றி ஓட்டு வீடுகளுமாக அது திட்டமிடப்பட்டபோது, பெங்களூரையும் ஜோலார்பேட்டையையும் இணைத்த ரயில் பாதை அதன் பக்கமாக ஓடத் தொடங்கி 18 ஆண்டுகள் ஆகியிருந்தன. இந்த ஊரை நடுப்புள்ளியாக வைத்துத் தென்னிந்திய வரைபடத்தைப் பார்த்தால், ஏறக்குறைய ஓர் இரவுப் பயணத் தொலைவில் ஒன்றுக்கொன்று ஒட்டாத பல புகையிலை நாடுகள் கிடக்கின்றன. தெற்கே திண்டுக்கல்லின் சுருட்டு இலை. மேற்கே ஹுன்சூர், பிரியாபட்டணா செம்மண்ணில் விளையும் வர்ஜீனியா. வடமேற்கே பீடித்தூளுக்குப் பெயர் போன நிப்பாணி. வடகிழக்கே குண்டூர். வடக்கே, ஹூக்காவுக்கு அடிக்கலசம் செய்தே உலகப் புகழ் பெற்ற பீதர். இத்தனை இலைகளுக்கும் ஒரே கருவி போதும் என்று யாரும் எந்தக் காலத்திலும் நினைக்கவில்லை. இன்ன புகையிலைக்கு இன்ன குழாய் என்று பொருத்திப் பார்ப்பதை லண்டன் கனவான்களின் ஓய்வுநேர ரசனையாகவே பலரும் எண்ணுகிறார்கள். தக்காணத்தின் வரலாறு வேறு கதை சொல்கிறது. குழாயும் இலையும் முதலிலிருந்தே ஜோடியாக வந்தவை. அந்த ஜோடியில் பெரும்பாலும் முந்திக்கொண்டது இலை, குழாய் பின்னால் வந்தது என்பதே என் வாதம்.

நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று இன்றைய கர்நாடகத்திலிருந்தே வருகிறது. அக்பரின் தூதராக பீஜப்பூருக்குப் போன அசத் பேக், 1604இல் திரும்பும்போது இரண்டாம் இப்ராஹிம் அடில் ஷாவின் நகரத்தில் தான் கண்ட புதுப்பொருளையும் எடுத்துவந்தார். அவர் எழுதிவைத்த குறிப்பில் இலையைப் பற்றி இருப்பதைவிடக் கருவியைப் பற்றி இருப்பதே அதிகம். சுமத்ராவின் அச்சே துறைமுகத்தில் செய்த மூன்று முழ நீளக் குழல். அதன் இரு முனைகளிலும் மணியும் மீனா வேலையும். வாயில் வைக்க ஏமன் நாட்டுக் கார்னீலியக் கல். புகையிலையைப் பற்றவைக்கப் பொன்னால் ஒரு கிண்ணம். இலையை நிரப்பிவைக்க, அடில் ஷா தந்த வெற்றிலைப் பை. அக்பர் இரண்டு மூன்று இழுப்பு இழுத்தார். சோதித்துப் பார்க்காத சரக்கு என்று சொல்லி அரண்மனை வைத்தியர் தடுத்தார். எளிய மண்குழாயிலும் இதைப் பிடித்திருக்கலாம். ஆனால் அறிமுகமான அந்த நாளிலேயே இலை, குழல், கிண்ணம், பை எல்லாம் ஒரே தொகுதியாகத்தான் தட்டில் வைக்கப்பட்டன. அமெரிக்காவில் பிறந்த இலைக்கு அச்சேயில் குழல், ஏமனில் வாய்க்கல், பீஜப்பூரில் பை. பதின்மூன்று ஆண்டுகள் கழித்து ஜஹாங்கீர் புகையிலையைத் தடைசெய்து ஆணையிட்டார். அந்த ஆணை எவ்வளவு பலித்தது என்பதற்கு அடுத்த இருநூறு ஆண்டுகளின் ஹூக்காக்களே பதில்.

ஹூக்காவை முதலில் செய்தவர் யார் என்ற சண்டை இங்கே வேண்டாம். அது எந்த இலைக்காக அமைந்தது என்பதுதான் கேள்வி. ஹூக்காவில் வைப்பது வெறும் இலை அல்ல. வெல்லப்பாகும் சில இடங்களில் பழக்கூழும் வாசனைச் சரக்குகளும் சேர்த்துப் பிசைந்து, நாள்கணக்கில் ஊறவைத்த ஈரக்களி. அதன் மேல் நெருப்பைக் காட்டினால் பற்றாது, கருகும். ஆகவே தணல் மேலே, களி கீழே, நடுவில் ஓடோ தகடோ என்று பிரித்துவைக்க வேண்டும். அப்படி வெந்து வரும் புகை கனமாகவும் சூடாகவும் இருக்கும். அதைக் குளிரவைக்க அடியில் தண்ணீர் வேண்டும். தண்ணீர் வந்துவிட்டால் அதைத் தாங்கக் கலசம் வேண்டும். பீதர்க் கைவினைஞர்கள் துத்தநாகமும் செம்பும் கலந்த உலோகத்தைக் கோட்டை மண்ணால் கருக்கி, வெள்ளி பதித்துச் செய்த அந்த அழகான கலசங்களின் வேரைத் தேடினால் கடைசியில் ஒரு கை வெல்லத்தில் போய் நிற்போம். கலசத்தின் வடிவம் முழுவதையும் இலையின் கணக்கில் எழுதிவிட முடியாது என்பதையும் சொல்லவேண்டும். பதினேழாம் நூற்றாண்டில் வளையத்தின் மேல் உருண்டையாக நின்ற கலசம், பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் தட்டை அடியோடு மணி வடிவம் கொண்டது. இதில் புகையிலைக்குப் பங்கில்லை. கவிழாமல் நிற்கவேண்டும் என்பதே காரணமாக இருந்திருக்கும். தேவையான உறுப்புகளை இலை கேட்டு வாங்கிக்கொண்டது. அவற்றின் அழகை மனிதர்கள் பார்த்துக்கொண்டார்கள்.

இனித் தமிழ்நாட்டுப் பக்கம் திரும்பினால் ஒரு புதிர். சுங்கான் என்ற சொல் நம்மிடம் இருக்கிறது, மண்ணால் செய்த சிலும்பியும் இருந்திருக்கிறது. இருந்தாலும் ஹூக்காவோ நீண்ட குழாயோ இங்கே ஊர்ப்பழக்கமாக வேரூன்றவில்லை. தமிழர் புகையிலையை மென்றார்கள், பொடியாக இழுத்தார்கள், சுருட்டிப் பிடித்தார்கள். எச்சில் தீட்டுதான் இதற்குக் காரணம் என்று சிலர் சொல்லக்கூடும்: ஒருவர் வாய் வைத்த குழலில் இன்னொருவர் வாய் வைப்பதைத் தமிழ்ச் சமூகம் ஏற்காது, தனித்தனியாகப் பிடிக்கும் சுருட்டில் அந்தச் சிக்கலில்லை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் வட இந்தியாவில் எச்சில் பற்றிய கவலை குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. அங்கே யாரோடு ஹூக்காவைப் பகிரலாம் என்பதே சாதி எல்லையாக மாறியது. ஊர்விலக்கு செய்யும்போது ‘ஹூக்கா–தண்ணீர் நிறுத்தம்’ என்றே அறிவிப்பார்கள். தீட்டு அங்கே ஹூக்காவை ஒழிக்காமல் அதற்கு வேலி போட்டது. அப்படியிருக்க, அதே தீட்டு இங்கே மட்டும் ஹூக்காவை வரவிடாமல் தடுத்தது என்பது பொருந்தவில்லை.

பொருந்தும் காரணம் திண்டுக்கல் வயல்களில் இருக்கிறது. ஊசிக்கப்பல், வட்டக்கப்பல், கருங்கப்பல் என்று உழவர் பெயரிட்டு வளர்த்த இலைகள் கனத்தவை, காரமானவை. அறுத்த செடியை வெயிலில் பந்தலிட்டுக் காயவைத்து, அம்பாரம் போட்டுப் புழுங்கவைத்து, புரட்டிப் புரட்டிப் பாடம் செய்வார்கள். இந்த மெதுவான பாடத்தில் இலையிலிருக்கும் சர்க்கரை பெரும்பாலும் கரைந்துபோகிறது. அப்படிப்பட்ட இலையின் புகை காரத்தன்மை கொண்டது. நெஞ்சுக்குள் இழுக்காமல் வாயில் வைத்திருந்தாலே நிக்கோட்டின் உடலில் ஏறிவிடும். புழுங்கிய இலை துவண்டு கொடுப்பதால் சுற்றவும் வரும், சுற்றிய பின் சீராகவும் எரியும். இப்படி ஒரு இலை கையில் இருக்கும்போது தனிக் குழாய்க்கு என்ன வேலை? மேலிலையே குழல், உள்ளிலையே சரக்கு. உறையூரில் உருண்டு திருச்சியின் பெயரால் கப்பலேறிய சுருட்டு, 1887இல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையிலேயே இடம்பிடித்தது. சாம்பலைப் பார்த்தே அது திருச்சிச் சுருட்டு என்று துப்பறிவாளர் சொல்லிவிடுகிறார். கதாசிரியர் விளையாட்டாக எழுதியிருக்கலாம். ஆனால் அடர்நிறமான, செதிலான சாம்பல் என்ற வருணனை கனத்த இலைக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. வடஆந்திரக் கடற்கரையில் பெண்கள் சிலர் எரியும் முனையை வாய்க்குள் வைத்துச் சுட்டா என்னும் சுருட்டைப் பிடிக்கும் பழக்கம் உண்டு. அதனால் மேலண்ணத்தில் வரும் புற்றைப் பற்றி மருத்துவர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட விபரீதப் பழக்கத்துக்கும் குழாயில்லாத இந்தச் சுருட்டு இலைதான் இடம் கொடுத்தது.

யாழ்ப்பாணத்தையும் சேர்த்துப் பார்த்தால் படம் இன்னும் துலங்கும். அங்கே விளைந்த புகையிலையின் பெரும்பகுதி பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருவிதாங்கூருக்குப் போயிற்று. அங்கே அதை மென்றார்கள். பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பால் கோயம்புத்தூர் இலை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும், கடல் கடந்து வந்த யாழ்ப்பாண இலைக்கே மவுசு. மெல்லுவதற்கு என்று தனியாகப் பாடம் செய்த இலை அது. வாங்குகிறவர் தூரத்தையும் விலையையும்விட இலைக்கும் பழக்கத்துக்கும் உள்ள பொருத்தத்தையே பார்த்தார். பின்னாளில் திருவிதாங்கூர் அரசு வரியைக் கூட்டிய பிறகுதான் அந்த வணிகம் தளர்ந்தது.

இப்போது வலுவான மறுப்புக்கு வருவோம். புகைக்கும் கருவியைத் தீர்மானிப்பது அந்தஸ்தும் நாகரிகமும்தான், இலை அல்ல என்பது அது. இதற்கு ஆங்கிலேயர்களே சாட்சி. 1779இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் தம்பதியர் கல்கத்தாவில் கொடுத்த விருந்தின் அழைப்பில், ஹூக்காபர்தாரைத் தவிர வேறு பணியாளை அழைத்துவர வேண்டாம் என்ற வேண்டுகோள் இருந்தது. ஹூக்கா இல்லாத கனவான் கனவானே அல்ல. நூறு ஆண்டு கழித்து, 1886இல் ஹாப்ஸன்-ஜாப்ஸன் அகராதி வெளிவந்தபோது, ஆங்கிலேயரிடையே ஹூக்கா கிட்டத்தட்ட மறைந்துவிட்டது. அதே ஆட்கள், அதே ஊர்கள், அதே வெயில். மாறியது நாகரிகம் மட்டும்தானே? உண்மை, எப்போது மாறுவது, யார் மாறுவது என்பதையெல்லாம் நாகரிகம் தீர்மானித்தது. ‘நேட்டிவ்’ பழக்கம் என்று ஹூக்காவை ஒதுக்கியது அந்த மனப்பான்மை. ஆனால் மாற்றம் நடந்த விதத்தைப் பாருங்கள். ஹூக்காவை விட்டவர்கள் ஹூக்காக் களியை வேறொரு குழாயில் அடைத்துப் பிடிக்கவில்லை. சுருட்டைத் தொட்டவர் திண்டுக்கல் இலைக்கு மாறினார். ஐரோப்பியக் குழாயைத் தொட்டவர் வர்ஜீனியாவையும் விறகுப் புகையில் பாடம் செய்த லட்டாக்கியாவையும் டப்பாவில் வரவழைத்தார். கருவி போனபோது அதனோடு இலையும் போயிற்று. நாகரிகத்தால் ஒரு ஜோடியைத் தள்ளிவிட்டு இன்னொரு ஜோடியைக் கொண்டுவர முடிந்தது. ஜோடியைப் பிரிக்க முடியவில்லை.

வைட்ஃபீல்ட் உருவானது சரியாக இந்த மாற்றத்தின் நடுவில். ஐரோப்பியத் தந்தைவழியும் இந்தியத் தாய்வழியும் கொண்ட ஒரு சமூகம் நிலத்தில் உழைத்து வாழட்டும் என்று அமைந்த ஊர் அது. ஒருபுறம் பெங்களூர்த் தண்டுப் பகுதியின் (கண்டோன்மென்ட்) தமிழ்க் கடைவீதிகள், மறுபுறம் 1880களில் கம்பெனிகள் தோண்டத் தொடங்கிய கோலார் தங்கவயலும் அங்கே திரண்ட வடஆர்க்காட்டுத் தொழிலாளரும். ரயில் தெற்கிலிருந்து சுருட்டுப் பெட்டியையும் சென்னைத் துறைமுகத்திலிருந்து டப்பாப் புகையிலையையும் ஒரே பாதையில் ஏற்றிவந்தது. வேவர்லி விடுதிக்கு இளம் வின்ஸ்டன் சர்ச்சில் காதலிக்க வந்தார் என்று வைட்ஃபீல்டில் இன்றும் சலிக்காமல் சொல்வார்கள். சான்று எதுவும் கிடையாது. அவர் 1896இல் குதிரைப்படையோடு பெங்களூருக்கு வந்தது மட்டும் உண்மை. கியூபாவுக்குப் போய்வந்த மறுவருடம் அது. வாழ்நாள் முழுக்க அவர் கையில் இருந்தது சுருட்டே, குழாய் அல்ல.

இன்னொரு மறுப்பு விலையைப் பற்றியது. இங்கிலாந்தின் பழைய களிமண் குழாய்களில் கிண்ணம் மிகச் சிறியது. புகையிலை மலிய மலியக் கிண்ணம் பெருத்தது. குழலின் துளையும் காலத்தோடு ஒடுங்கிக்கொண்டே வந்தது. 1954இல் ஹாரிங்டன் என்ற அமெரிக்கத் தொல்லியலாளர், துளையின் அளவை மட்டும் வைத்தே குழாய்த் துண்டின் காலத்தைக் கணிக்கும் முறையை வகுத்தார். ஆக, வடிவத்தைத் தீர்மானித்தது சந்தை அல்லவா? அளவைப் பொறுத்தவரை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஜப்பானின் கிசெரு இதற்கு வரம்பு கட்டுகிறது. அதன் கிண்ணம் சுண்டுவிரல் நுனி கொள்ளும் அளவுதான். புகையிலை மலிந்த பின்னும் அது பெருக்கவில்லை. தலைமுடி போல நறுக்கிய கிஸாமிப் புகையிலைக்காக அமைந்த கிண்ணம் அது. அவ்வளவு மெல்லிய நறுக்கு பெரிய கிண்ணத்தில் ஒன்றோடொன்று அடைத்துக்கொள்ளும். சிறு உருண்டையாக வைத்தால் மூன்று நான்கு இழுப்பில் சுத்தமாக எரிந்து முடியும். கிண்ணம் எவ்வளவு பெருக்கலாம் என்பதற்கு விலை இடம் கொடுக்கும். எந்த அளவில் நிற்கவேண்டும் என்பதை இலையின் நறுக்குச் சொல்லும்.

மூன்றாவது மறுப்பைக் கிண்டலாகவே சொல்வார்கள்: வர்ஜீனியாவுக்கு ஒன்று, லட்டாக்கியாவுக்கு ஒன்று, வாசனைப் புகையிலைக்கு ஒன்று என்று தனித்தனிக் குழாய் வைத்துக்கொள்ளச் சொல்வது கடைக்காரர் தந்திரம். 1907இல் லண்டன் டியூக் தெருவில் கடை திறந்த ஆல்ஃபிரட் டன்ஹில், வாடிக்கையாளர் ஒவ்வொருவரின் கலவையையும் பதிவேட்டில் எழுதிவைத்து விற்றார்; குழாயையும் அவரே விற்றார். இரண்டையும் விற்பவர் இரண்டுக்கும் பொருத்தம் சொல்லாமல் இருப்பாரா? இந்த மறுப்பில் பாதியை நான் ஏற்கிறேன். உயர்ந்து ஒடுங்கிய கிண்ணம் வர்ஜீனியாவுக்கு, அகன்றது லட்டாக்கியாவுக்கு என்ற விதிகளில் வியாபாரப் பேச்சு நிறையவே கலந்திருக்கிறது. மறுபாதி அப்படி அல்ல. 1850களில் பிரான்ஸின் சேன்-குளோத் ஊரில் பிரையர் செடியின் வேர்க்கணுவில் குழாய் செய்யத் தொடங்கியபோது, பழைய களிமண்ணில் போக்கிவிட முடிந்த ஒரு குணம் குழாயில் நிலைத்துவிட்டது. மரமும் அதன் உள்சுவரில் படியும் கரியும் புகையின் எண்ணெயைக் குடித்து வைத்துக்கொள்கின்றன. சிரியாவிலும் சைப்ரஸிலும் விறகுப் புகையில் பாடம் செய்த லட்டாக்கியாவைப் பிடித்த குழாயில் மறுநாள் மென்மையான வர்ஜீனியாவை வைத்தால், முந்தைய நாளின் கந்தம் மேலேறி வரும். மீன் குழம்பு வைத்த மண்சட்டியில் பால் காய்ச்சியது போல. களிமண் குழாயைத் தீயிலிட்டுச் சுட்டால் கறையும் மணமும் எரிந்துபோகும். மரத்தைத் தீயிலிட முடியாது. ஆகவே தனித்தனிக் குழாய் என்ற வழக்கம் கடைக்காரரின் கற்பனையில் பிறக்கவில்லை, பிரையரின் இயல்பில் பிறந்தது. டன்ஹில் அதைக் காசாக்கினார், அவ்வளவே.

என் வாதத்துக்கு உண்மையாகவே இடைஞ்சல் தருவது வர்ஜீனியாவின் கதை. 1839இல் வட கரோலைனாவின் காஸ்வெல் வட்டாரத்தில், ஏபிஷா ஸ்லேடின் பண்ணையில் அடிமையாக இருந்த ஸ்டீஃபன் என்பவர், அணையப்போன தீயைக் கரி போட்டு மூட்டியதில் இலைகள் பொன்மஞ்சளாக மாறின என்பது வரலாறு. சூட்டில் வேகமாக உலர்வதால் இலையின் சர்க்கரை உள்ளேயே தங்கிவிடுகிறது. புகை மென்மையாகிறது, அமிலத்தன்மை பெறுகிறது. வாயில் வைத்திருந்தால் போதை ஏறாது, நெஞ்சுக்குள் இழுத்தாக வேண்டும். குழாயில் வைத்து வேகமாக இழுத்தால் சூடேறி நாக்கைச் சுடும். மெல்லிய காகிதத்தில் சுற்றி உள்ளிழுக்க இதைவிட வாகான இலை இல்லை. 1880களில் சிகரெட் இயந்திரமும் வந்துசேர, வர்ஜீனியாவின் முதல் துணையாக இருந்த குழாய் ஓரங்கட்டப்பட்டது. இம்பீரியல் டொபாக்கோ 1910இல் கல்கத்தாவில் பதிவானது. அதையடுத்து பெங்களூரில் சிகரெட் ஆலை எழுந்தது. 1920களில் குண்டூர் கரிசலில் சூளை வைத்துப் பாடம் செய்யும் வர்ஜீனியா பரவியது. மைசூர்ச் செம்மண் பின்னர் அதில் சேர்ந்தது. உலகத் தரமான குழாய்ப் புகையிலைக்கு உதவும் இலை வைட்ஃபீல்டின் மேற்கே மலைபோல விளைந்தும், குழாய்ப் பழக்கம் இந்நாட்டில் பரவவில்லை. இலைதான் கருவியைத் தேர்ந்தெடுத்தது என்றால், ஒரே இலை இரண்டு கருவிகளை அடுத்தடுத்துத் தேர்ந்தது எப்படி? இலை ஒரு எல்லையைத்தான் வகுக்கிறது. எல்லைக்குள் எது வெல்லும் என்பதை இயந்திரமும் விலையும் அவசரமும் முடிவுசெய்கின்றன என்று என் வாதத்தை இந்த இடத்தில் தளர்த்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆனால் எல்லை எல்லைதான். திண்டுக்கல்லின் கனத்த இலையை நேரடியாகக் காகிதத்தில் சுற்றிச் சிகரெட்டாக்கி யாரும் ஆலை நடத்தவில்லை; நிப்பாணியின் பீடித்தூள், பீடி சுற்றும் தெந்து இலையை விட்டு பிரையர்க் கிண்ணத்துக்குள் போகவும் இல்லை.

கடைசிச் சான்று பழையது அல்ல. 1990களில் வைட்ஃபீல்ட் தகவல் தொழில்நுட்பப் பூங்காக்களின் ஊராக மாறியதை ஒட்டி, பெங்களூரில் ஹூக்கா வேறொரு வேடத்தில் திரும்பியது. இம்முறை வெல்லப்பாகோடு கிளிசரினும் பழ வாசனையும் சேர்ந்த, முன்னைவிட ஈரமான அரேபியக் கலவை. பழைய கிண்ணத்தின் அடியில் துளைகள் இருந்தன. புதுக் கலவையின் சாறு அவற்றின் வழியே வடிந்து குழலுக்குள் இறங்கியது. விளைவு, துளையைக் கிண்ணத்தின் நடுவில் ஒரு தண்டாக மேலே தூக்கிவைத்த புதுவகைக் கிண்ணம். சாறு அடியில் தங்கும், புகை மட்டும் தண்டின் வழியாக இறங்கும். அரசவையும் இல்லை, அந்தஸ்தும் இல்லை, டன்ஹிலும் இல்லை. கலவை ஈரமானது, கிண்ணம் மாறியது. 2024 பிப்ரவரியில் கர்நாடக அரசு ஹூக்காவைத் தடைசெய்தபோது, புகையிலை கலந்தது, நிக்கோட்டின் இல்லாதது, புகையிலையே இல்லாதது என்று எல்லா வகையையும் ஆணையில் சேர்த்தது. எங்கள் ஹூக்காவில் இருப்பது மூலிகைதான் என்பது போன்ற வாதங்களோடு உரிமையாளர்கள் நீதிமன்றம் போனார்கள். அந்த ஏப்ரலில் உயர் நீதிமன்றம் தடையை உறுதிசெய்தது. உள்ளே என்ன இலை, இலை இருக்கிறதா இல்லையா என்று பிரித்துப் பார்க்காமல், கருவியையே குறிவைத்தது சட்டம்.